தோற்பதற்குக் கூலி

பர்மிங்காம் நகரத்தில் பீட்டர் பக்லி என்றொரு குத்துச்சண்டைக்காரர் இருந்தார். 1989-இல் தொழில்முறை வளையத்துக்குள் ஏறியவர் 2008-இல்தான் இறங்கினார். மொத்தம் 300 சண்டை. அதில் வெற்றி 32, சமன் 12, மற்ற 256-உம் தோல்வி. கடைசிச் சண்டைக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் தொடர்ந்து 88 சண்டை ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

கேட்டதும் பாவப்பட்ட மனிதராகத் தோன்றும். ஆனால் உலகச் சாம்பியன்கள் வருஷத்துக்கு இரண்டு சண்டை, மூன்று சண்டை என்று காத்துக் கிடந்தபோது, பக்லிக்கு வேலைப் பஞ்சமே இருந்ததில்லை. பின்னாளில் பெரும்பேர் எடுத்த நசீம் ஹமீத் வளரும் பருவத்தில் இவரோடு இரண்டு முறை மோதினார். 2014-இல் உலகப் பட்டம் வென்ற கெல் புரூக்கின் முதல் தொழில்முறைச் சண்டையும் இவரோடுதான். இப்படிப்பட்டவர்களை அங்கே ஜர்னிமேன் என்கிறார்கள். தோற்பதே அவர்களின் பிழைப்பு.

பிழைப்பு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஊரில் புதிதாகத் தலையெடுக்கும் ஒரு பையன் இருப்பான். சண்டை நடத்துபவர் அவன் கையில் ஒரு கட்டு டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார். மாமன் மச்சான், கூட்டாளி, வேலை செய்யும் இடத்து ஆட்கள் என்று அவனே விற்க வேண்டும். காசு கொடுத்து வருகிறவர்கள் எல்லாரும் அவன் ஜெயிப்பதைப் பார்க்க வருகிறவர்கள். எதிர்மூலைக்கு ஓர் ஆள் வேண்டுமே, அவர்தான் ஜர்னிமேன். அவர் ஒரு டிக்கெட்டும் விற்க வேண்டாம், பேசிய தொகை கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை போன் வந்தாலும் சனிக்கிழமை சொன்ன எடையில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சண்டை நான்கு ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். இந்த மாதிரிச் சின்னச் சண்டைகளுக்குப் பிரிட்டனில் தனியாக நீதிபதிகள் உட்காருவதில்லை, வளையத்துக்குள் நிற்கும் ரெஃப்ரியே புள்ளி போடுகிறார். கடைசியில் 40-36 அல்லது 39-37 என்று உள்ளூர்ப் பையனின் கையைத் தூக்கிவிடுவார். கூட்டம் விசிலடிக்கும். தோற்றவர் சட்டையை மாட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு, ராத்திரியே வீடு திரும்புவார்.

பேசிவைத்து ஆடும் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். விழு என்று யாரும் சொல்வதில்லை. அவரே கணக்குப் போட்டு ஆடுகிறார். நாக் அவுட் ஆனாலோ, ரெஃப்ரி சண்டையை நிறுத்தினாலோ, பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் குறைந்தது 28 நாள் வளையம் ஏற விடாது. மூளைக்கு ஓய்வு வேண்டும் என்பது விதி. வாரா வாரம் சண்டை பிடித்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த 28 நாள் என்பது மூன்று நான்கு சம்பளம். ஆகவே தோற்கலாம், ஆனால் விழக் கூடாது. கட்டிப் பிடிப்பது, தோளால் வாங்குவது, தலையை ஒரு விரல்கடை நகர்த்தி அடியை வழுக்கவிடுவது எல்லாம் இதற்காகக் கற்றுக்கொண்டவை. நனீட்டன் ஊரைச் சேர்ந்த கிறிஸ்டியன் லைட் 2018-இல் ஓய்வு பெற்றபோது அவரும் 300 சண்டை ஆடியிருந்தார். தோற்றது 279. அவற்றில் ஐந்தே ஐந்துதான் பாதியில் நிறுத்தப்பட்டவை. இந்த மனிதரை மோசமான குத்துச்சண்டைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெயித்தால் வேறு தொல்லை. உள்ளூர்ப் பையனை நாலு பேர் முன்னால் தோற்கடித்தவரை அடுத்த வாரம் யார் கூப்பிடுவார்கள்? லண்டனின் ஜானி கிரீவ்ஸ் சரியாக நூறு சண்டை ஆடி 96-இல் தோற்றவர். தொழிலின் உள்விவகாரங்களை ஒளிக்காமல் பேசியவர். அவரைக் கேட்டால், போன் அடிப்பது நின்றுபோவதைப் போன்ற பயம் குத்து வாங்குவதில்கூட இல்லை என்பது விளங்கும்.

ஆதியில் இப்படி ஒரு சாதி இல்லை. பழைய பிரிட்டனின் திருவிழாச் சந்தைகளில் குத்துச்சண்டைக் கூடாரங்கள் இருந்தன. மேடையில் நாலு பயில்வான்களை நிறுத்தி, இவரோடு மூன்று ரவுண்டு தாக்குப் பிடித்தால் பணம் என்று கூவுவார்கள். கூட்டத்திலிருந்து வீராப்பாக ஏறுகிறவர்களில் ஒருவர் கூடாரத்தின் சொந்த ஆளாகவும் இருப்பார். நம் மோடி மஸ்தான் வித்தை மாதிரிதான். அங்கே எல்லாரும் ஜெயித்தார்கள், எல்லாரும் தோற்றார்கள். லெஸ்டர் நகரத்து லென் விக்வார் 1928-லிருந்து 1947 வரை 460-க்கும் மேலான சண்டைகள் ஆடினார், அவற்றில் எண்பதுக்கும் மேல் தோல்வி. அதை யாரும் குறையாக எண்ணவில்லை. அடிக்கடி வளையம் ஏறுகிறவன் சில நாள் தோற்கத்தானே செய்வான்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சின்ன மண்டபங்கள் காலியாயின, சண்டைகள் குறைந்தன, குறைந்ததால் ஒவ்வொன்றும் விலை ஏறியது. தோல்விக் கட்டத்தில் பூஜ்யம் வைத்திருப்பவனுக்குத்தான் பெரிய மேடை, பெரிய பணம் என்றாயிற்று. அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தோல்விகளை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எல்லாரும் பங்கு போட்டுச் சுமந்த தோல்வியைச் சிலரிடம் மொத்தக் குத்தகைக்கு விட்டார்கள். ஜர்னிமேன் பிறந்தது அப்படித்தான் என்பது என் கணிப்பு. ஜெயிக்கிறவர் தோற்கவே கூடாது என்று ஆகிற இடத்தில், தோற்பது தனித் தொழிலாகிவிடுகிறது.

சென்னையில் குத்துச்சண்டைக்குக் குறைவில்லை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று துறைமுகத்தையும் ரயில்வே பட்டறைகளையும் ஒட்டிய வட்டாரம் முழுக்க அது ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று மோதினார்கள். ஆனாலும் அங்கே ஜர்னிமேன் பிறக்கவில்லை. காரணம் அந்தப் பரம்பரை என்கிற ஏற்பாடுதான். வளையத்தில் நிற்பது ஒருவர் என்றாலும் தோற்பது ஒரு பேட்டை, ஒரு வாத்தியார். அந்த அவமானத்துக்கு யார் விலை பேச முடியும்? 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1980-இன் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். பார்த்திருக்க, நேரு ஸ்டேடியத்தில் ஒரு காட்சிச் சண்டை ஆடினார். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் பால்யகாலச் சிநேகிதர், பல வருஷம் பயிற்சியில் அவருக்கு அடி வாங்கக் கூலி பெற்றவர், நடுவே தாமே ஹெவிவெயிட் பட்டமும் வைத்திருந்தவர். 1971-இல் நிஜமாகவே மோதி அலியிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றார். அன்றைக்கு அங்கே உட்கார்ந்து கைதட்டிய முதலமைச்சருக்கு எல்லிஸின் வேலை நன்றாகவே புரிந்திருக்கும். அவர் திரையில் முப்பது வருஷம் ஜெயித்ததும் அப்படிப்பட்ட ஆட்களை வைத்துத்தான்.

தமிழ்நாட்டில் தோற்கும் தொழில் பிறந்த இடம் சினிமா ஸ்டூடியோ. 1947-இல் ஜூபிடர் பிக்சர்ஸின் ‘ராஜகுமாரி’ வந்தது, எம்.ஜி.ஆருக்கு முதல் கதாநாயக வேடம். அதில் அவரோடு மோத ஒரு முரடன் தேவைப்பட்டான். பேர்பெற்ற பயில்வான் ஒருவரைப் போட முதலாளிகள் நினைத்தபோது, எம்.ஜி.ஆர். தமக்குப் பழக்கமான கோவைக்காரர் ஒருவரைத்தான் போட வேண்டும் என்று நின்றார். கோவை ராமநாதபுரம் பகுதியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் அவர். நிஜச் சண்டையில் யார் பக்கம் காற்று வீசியிருக்கும் என்று அந்த உடம்பைப் பார்த்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். திரையில் தேவர் தோற்றார். 1956-இல் தேவர் பிலிம்ஸ் தொடங்கி, ‘தாய்க்குப் பின் தாரம்’ முதல் 1972-இன் ‘நல்ல நேரம்’ வரை எம்.ஜி.ஆரை வைத்துப் பதினாறு படம் எடுத்தார். அடிவாங்கியவர் முதலாளியான கதை அதற்குப் பின் இந்த அளவுக்கு நடக்கவில்லை.

அந்தக் காலத்தில் சண்டைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தேவரைப் போல நிஜப் பலசாலிகள்: பயில்வான், சிலம்பக்காரர், குத்துச்சண்டைக்காரர். கதாநாயகனும் சில சமயம் தோற்பான், சாவான். ‘மதுரை வீரன்’ முடிவில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு எம்.ஜி.ஆர். சாகிறார், படம் ஓடு ஓடென்று ஓடியது. 1962-இல் ‘பாசம்’ படத்திலும் சாகிறார், ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. பர்மிங்காமின் பூஜ்யம் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான் என்பேன். இனி வாத்தியார் தோற்கக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு படத்திலும் பத்துப் பேர், இருபது பேர் தோற்க வேண்டும். அதற்குப் பலசாலி போதாது, விழத் தெரிந்தவர் வேண்டும்.

விழத் தெரிவது என்றால் என்னவென்று கவனித்துப் பார்த்தால், திரையில் அடியை உண்டாக்குகிறவர் அடிப்பவரே அல்ல என்பது தெரியும். ஹீரோவின் முஷ்டி முகத்துக்கு அரை அடி தள்ளிக் காற்றில் போகிறது. கேமராவின் கோணம் அந்த இடைவெளியை மறைக்கிறது. வாங்குகிறவர் சரியான நொடியில் தலையைத் திருப்பி, உடம்பைத் தூக்கிப் பல்டி போட்டு, மேஜை மேல் விழுந்தால்தான் அது அடி. ஒரு நொடி முந்தினால் கோமாளித்தனம், பிந்தினால் மூக்கு உடையும். ஃபைட்டர்கள் இதை டைமிங் என்கிறார்கள். ஹீரோவுக்கு டைமிங் இல்லாவிட்டாலும் இவர் சமாளித்துக்கொள்ள வேண்டும். வயதான ஹீரோ, பயிற்சி இல்லாத ஹீரோ, காலையில் தாமதமாக வந்த ஹீரோ, எல்லாரையும் சூரராக்குவது எதிரே நிற்பவரின் முதுகுதான்.

இதைத் தொழிலாக ஒழுங்குபடுத்தியவர்களில் முதல் பெயர் ஜூடோ கே.கே. ரத்னம். 1959-இல் ‘தாமரைக் குளம்’ படத்தில் நடிகராக நுழைந்தவர், 1966-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ மூலம் சண்டை இயக்குநரானார். ஜெய்சங்கர் துப்பறியும் படங்களின் காலம் அது. கத்திச்சண்டை போய்க் கைச்சண்டை வந்தது, முறையாக விழக் கற்றுத் தரும் ஜூடோ அந்த மாற்றத்துக்கு வாகாக அமைந்தது. 1980-இல் ‘முரட்டுக்காளை’யின் ரயில் சண்டையும் அவர் அமைத்ததே. விக்ரம் தர்மா, சூப்பர் சுப்பராயன், ராம்போ ராஜ்குமார் என்று அவரிடம் உதைவாங்கிக் கற்றவர்கள் அடுத்த தலைமுறை மாஸ்டர்களானார்கள். பரம்பரை என்ற சொல்லை வடசென்னையிலிருந்து இங்கே கொண்டுவரலாம், பொருந்தும். ரத்னம் 2023 ஜனவரியில் குடியாத்தத்தில் காலமானார். ஃபைட்டர்களுக்கும் மாஸ்டர்களுக்குமான சங்கம் 2017-இல் பொன்விழா கொண்டாடியது.

வேலை நடக்கும் இடம் இப்போது மேற்கே நகர்ந்துவிட்டது. வடபழனியின் பழைய ஸ்டூடியோக்கள் ஆஸ்பத்திரியாகவும் மாலாகவும் அடுக்குமாடியாகவும் மாறின. வாகினி இருந்த இடத்தில் இன்று ஜனங்கள் எஸ்கலேட்டரில் ஏறுகிறார்கள். கார் பறக்கவும் குடிசை எரியவும் இடம் வேண்டியவர்கள் போரூர் தாண்டிப் பூந்தமல்லிக்குப் போனார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில், நசரத்பேட்டையை அடுத்து, முன்பு கேளிக்கைப் பூங்காவாக இருந்த ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் ‘காலா’வின் தாராவியே எழும்பியது. அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் யூனிட் வேன்களும் அந்தப் பக்கம் போகும். இரண்டும் நாள் கூலி வண்டிகளே. 2020 பிப்ரவரி 19 இரவு ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்ததும் அதே வளாகத்தில்தான். மூவருமே கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்கள்.

முன்னால் நிற்பவர்களின் கணக்கு தனி. 2022 டிசம்பரில் வண்டலூர்ப் பக்கம் ‘விடுதலை’ படப்பிடிப்பில் ரோப் அறுந்து சுரேஷ் இறந்தார். 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து ஏழுமலை இறந்தார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்துக்காகக் கார் சாகசம் செய்தபோது மோகன்ராஜ் இறந்தார். மூவரும் பல வருஷ அனுபவம் உள்ளவர்கள்.

இந்தக் கூட்டத்திலிருந்து முகம் தெரிய வெளியே வந்தவர் ராஜேந்திரன். நூற்றுக்கணக்கான படங்களில் அடிவாங்கியவர். கேரளத்தில் ஒரு படப்பிடிப்பில் ரசாயனக் கழிவு கலந்த தண்ணீரில் குதிக்கச் சொன்னார்கள், குதித்தார், தலைமுடி மொத்தமும் போயிற்று. அவரே பேட்டிகளில் சொன்னது இது. 2009-இல் பாலாவின் ‘நான் கடவுள்’ அந்த மொட்டைத் தலையைத் தாண்டவன் ஆக்கியது. அதிலும் கடைசியில் ஆர்யாவிடம் தோற்றுச் சாகிறார். ஆனால் இந்த முறை அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

தேசிய விருதில் சண்டை அமைப்புக்கு 2016-ஆம் வருஷப் படங்களிலிருந்து தனிப் பிரிவு உண்டு. ஆஸ்கரும் 2027-இல் வரும் படங்களிலிருந்து கொடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. இரண்டும் சண்டையை அமைத்தவருக்கானவை, விழுந்தவருக்கானவை அல்ல. பிரிட்டனில் ஜர்னிமேன் வளையத்துக்குள் ஏறுவதற்கு முன் ஆண்டுதோறும் மூளை ஸ்கேன் எடுத்தாக வேண்டும், வளையத்தை ஒட்டி டாக்டர் உட்கார்ந்தாக வேண்டும். இங்கே, மோகன்ராஜ் இறந்த வாரத்தில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது: நாடு முழுக்கச் சுமார் 650 ஸ்டன்ட் கலைஞர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். அவர் அக்‌ஷய் குமார் என்கிற இந்தி ஹீரோ, அதாவது, இந்த ஆட்களிடம் ஜெயித்தே பெயர் வாங்கியவர்.