ஊர்ப் பெயரில் இருக்கும் பெண்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் உங்களுக்குத் தெரியும். தேவகன்னியர், காமதேனு, ஐராவதம் மூவரும் பிரளயகாலேஸ்வரரை வழிபட்டதால் பெண், ஆ, கடம் சேர்ந்து பெண்ணாகடம். அது பேச்சில் தேய்ந்து பெண்ணாடம். பசுவுக்கும் யானைக்கும் முன்னால் பெண் நிற்கிறாள் என்று வகுப்பில் சொல்வேன். பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் ஒரு சிரிப்பு ஓடும்.

அப்படிப்பட்ட ஊர் இருக்கும் கடலூர் மாவட்டம்தான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிறு குழந்தைகளின் பாலின விகிதத்தில் தமிழ்நாட்டிலேயே கடைசியாக வந்தது. ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 896 பேர். வெள்ளாற்றுக்கு அக்கரையில் அரியலூர் மாவட்டம், 897. மாநிலம் முழுவதற்கும் 943.

இயற்கையாகவே ஆண் பிறப்பு சற்று அதிகம். 1000 ஆணுக்குச் சுமார் 950 பெண் பிறப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். அதோடு ஒப்பிட்டால் நம்மிடம் ஆயிரத்துக்கு ஐம்பதுக்கும் மேல் குறைகிறது. ஒரு வகுப்பறை நிறையப் பெண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்கிறவர். இரண்டாவதும் பெண் குழந்தை. "ஐயா, அம்மா இன்னும் பிள்ளையைப் பார்க்க வரலை. அடுத்ததை ஸ்கேன்ல பாத்துட்டு வெச்சுக்கலாம்னு உறவுல ஒருத்தர் சொல்றாரு. ஆளும் தெரியுமாம். என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றார். அவர் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன். இது அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் தலைமை. பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையைப் பெண்களுக்கே கொடுக்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம். (இதைப் படிக்கும் நம் ஊர் டீச்சரம்மாக்கள் கவனிக்கவும்.)

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு கூட்டத்தாரும் கர்ப்பத்தடை பற்றிப் பேசினார்கள். வேப்பா ராமேசம் போன்ற நீதிபதிகள் இருந்த மால்தூசியர் சங்கம். ஜனத்தொகை பெருகினால் நாடு ஏழையாகும், அதனால் பிள்ளை குறைய வேண்டும் என்பது அவர்கள் வாதம். 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதிய பெரியார் அந்த இடத்தில் பிரிந்து நிற்கிறார். நாட்டு வறுமைக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறவர்கள் கேட்கட்டும், நான் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்றார். பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவள் அவளாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அவருடைய மற்றக் கருத்துகளில் உங்களில் பலருக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், வீட்டில் சாமி கும்பிடுகிறவன்தான் நானும். ஆனால் இந்த ஒரு வேறுபாட்டை அவர் பார்த்த மாதிரி அன்று வேறு யாரும் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது நீதிபதிகளின் வாதத்தை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு முதலில் பணம் கொடுத்த மாநிலங்களில் நம் சென்னை மாநிலமும் ஒன்று. 1950களிலேயே அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய். அப்போது பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் செய்தார்கள். பிறகு நெருக்கடி நிலை. 1976-77இல் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நடந்தது, பல இடங்களில் கட்டாயமாக. அதற்கு அப்புறம் எந்த அரசும் ஆண்களிடம் போகத் துணியவில்லை. சுமை முழுவதும் பெண் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம். ஆண்கள் 0.1. அந்த அறுவை ஆணுக்குத்தான் சுலபம், தையல்கூடத் தேவைப்படாத முறை வந்துவிட்டது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

குடும்பம் சிறுத்தது உண்மை. 1990களின் நடுவிலேயே நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்ற அளவு வந்துவிட்டது. சத்துணவு, பஸ், வீடு தேடி வந்த கிராம சுகாதார செவிலியர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஆண்பிள்ளை ஆசை சிறுக்கவில்லை. ஐந்து பிள்ளை பெற்ற பாட்டிக்கு அதில் ஒன்றிரண்டு ஆணாக இருந்துவிடும். இரண்டோடு நிறுத்தச் சொன்ன வீட்டில்? அங்கேதான் கணக்கு பெண் மீது விழுந்தது.

முதலில் அது பிறந்த பிறகு நடந்தது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று பத்திரிகைகளில் படித்தோம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994இல் 'கருத்தம்மா' படம். ஏதோ வேறு ஜில்லா விஷயம் என்று நாம் இங்கே உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் ஸ்கேன் சிறு ஊர்களுக்கும் வந்தது. 2001க்கும் 2011க்கும் இடையில் சேலம் 851இலிருந்து 916க்கு ஏறியது. கடலூர் 957இலிருந்து 896க்கு இறங்கியது. 2011இல் தொட்டில் திட்டத்தை நம் மாவட்டத்துக்கும் அரியலூருக்கும் நீட்டித்தார்கள்.

உறவுக்காரருக்கு ஆள் தெரியுமாம் அல்லவா, அவருக்குச் சட்டமும் தெரிய வேண்டும். கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1996 முதல் நடப்பில் இருக்கிறது, 2003இல் கடுமையாக்கப்பட்டது. சொல்லும் டாக்டருக்கும் சிறை, கேட்டுப் போகும் கணவருக்கும் உறவினருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை. கர்ப்பிணியைக் கணவரும் உறவினரும் கட்டாயப்படுத்தி அழைத்து வந்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு எல்லாக் கருக்கலைப்பும் குற்றம் என்று யாரும் பயப்பட வேண்டாம். 1971 சட்டப்படி, உடல்நலம் முதலிய காரணங்களுக்காக டாக்டரிடம் பாதுகாப்பாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. அதை மறைத்து நாட்டு மருந்து தேடிப் போய் உயிர் விட்டவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. குற்றம் என்பது பெண் என்பதற்காகக் கலைப்பது. இன்னொன்றும் மாமியார்களுக்காக: ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் அணு. பத்தாம் வகுப்பு அறிவியல்.

உதவித் திட்டங்கள் வந்தன. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி, எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். அந்தப் பணத்துக்காகவே ஆறாம் வகுப்போடு நிறுத்தாமல் அனுப்பிய பெற்றோரை நான் அறிவேன். 2022இல் அது கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்ததைவிட இது நல்லது.

ஆனால் 1929இல் முதலில் கேட்ட சொத்துரிமை? தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989 மார்ச் 25இல். அறுபது வருடம். அதிலும் அன்றைக்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு இல்லை. 2005இல் மத்திய சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற வழக்கையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மகள்கள் பக்கம் முடித்துவைத்தது.

சட்டம் இப்படி. நம் வழக்கம் என்ன? "சீர் செய்தாச்சு" என்று சொல்லி, அக்கா தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. மகனுக்கு நிலம், மகளுக்குச் செலவு என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கும்வரை, பாட்டிகள் பேத்தியைப் பார்த்து முகம் சுளிப்பதில் ஆச்சரியம் இல்லை.

நம் உறவிலேயே இந்த வருடம் இரண்டு பாகப்பிரிவினை வரப்போகிறது. யார் வீடு என்று நான் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். தங்கைகளைக் கையெழுத்து போடும் நாளைக்குக் கூப்பிடாதீர்கள். பங்கு பேசும் நாளைக்கே கூப்பிடுங்கள். தேதி சொன்னால் நானும் வருகிறேன்.