போ ரையின் கோணல்

போ ரை கட்டுறது பெரிய வித்தை இல்லை. சப்பாத்து லேஸ் கட்டுற அதே முடிச்சுத்தான். கண்களின் வெளி ஓரத்தைவிட ஒடுங்கியும் இருக்கக்கூடாது, முகத்தைவிட அகலமாகவும் இருக்கக்கூடாது. இதெல்லாம் சொல்லித் தாறவை கடைசியில் ஒண்டு சொல்லுவினம்: கொஞ்சம் கோணலா விடுங்கோ. அச்சில வார்த்த மாதிரி நேரா நிண்டால், கடையில் ரெடியா வாங்கிக் கொழுவினது எண்டு கண்டுபிடிச்சிடுவினமாம்.

கோணல் எப்படிப் பெருமையானது?

முப்பதாண்டுப் போரில் (1618–1648) குரோவேசியக் கூலிப்படையினர் கழுத்தில் துணி முடிந்திருந்தார்கள். அது பிரெஞ்சுக்காரருக்குப் பிடித்துப்போனது. குரோவேசியரைக் குறித்த சொல்லே திரிந்து 'குரவாத்' எண்டு அந்தத் துணிக்குப் பெயரானது. சிப்பாயின்ர துணி அரசவைக்குப் போனது. இன்றைய ரை, போ ரை எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

அதை ஒரு கலையாக்கியவர் இலண்டனில் வாழ்ந்த போ பிரமெல் (1778–1840). அவர் பிரபுக் குடும்பத்தவர் அல்லர். தந்தை பிரதமர் நோர்த் பிரபுவின் தனிச் செயலாளர். பட்டும் சரிகையும் வேண்டாம், இருண்ட நிறக் கோட்டும் சுத்தமான வெள்ளை லினனும் போதும் என்பது அவர் பாணி. பட்டத்து இளவரசரே அவருக்குச் சிநேகிதர். ஒரு கதை உண்டு: ஒருநாள் அவருடைய பணியாள் கசங்கின கழுத்துத் துணிகளைக் கையிலே அள்ளிக்கொண்டு படியிறங்கி வந்தாராம். என்ன இது எண்டு கேட்டவருக்கு, எங்கட தோல்விகள் எண்டாராம். ஒரு மடிப்புப் பிழைச்சால் அந்தத் துணி திரும்பத் தோய்க்கத்தான். இந்தக் கதையை எல்லாரும் ரசிச்சுச் சொல்லுவினம். அவ்வளவையும் தோய்ச்சு, கஞ்சி போட்டு, மினுக்கிக் குடுத்த ஆக்கள் கதையில் வாறதே இல்லை. எளிமை எண்டு பெயர், ஆனால் வேலைக்காரர் இல்லாமல் நடக்காத எளிமை.

1816இல் பிரமெல் கடனுக்குப் பயந்து பிரான்ஸுக்கு ஓடினார். கான் நகரத்து மனநலக் காப்பகம் ஒன்றில் இறந்தார். ஆனால் 1818இலேயே, விதவிதமான முடிச்சுகளைப் பட்டியலிட்டு 'நெக்குளோத்திற்றானியா' எண்ட நையாண்டி நூல் இலண்டனில் வந்துவிட்டது. மோகம் அந்தளவு.

பிறகு இரவு விருந்து உடுப்பு வந்தது. வால் கோட்டுக்கு வெள்ளை போ. 1865இல் பிற்கால ஏழாம் எட்வர்ட், ஹென்றி பூல் தையற்கடையில் கட்டைக் கோட் ஒன்று தைப்பித்தார். 1886 அளவில் அது அமெரிக்காவின் ரக்சீடோ பார்க்குக்குப் போய் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. அதுக்குக் கறுப்பு போ. இங்கேதான் சிக்கல். பரிமாறுற வெயிட்டரும் வால் கோட்தான் போட்டார். விருந்தாளியின்ர போ வெள்ளை, அவருடையது கறுப்பு. விருந்தாளியும் கறுப்புக்கு மாறினால் ஆர் எசமான், ஆர் வேலையாள்?

என் வாசிப்பில், கையால் கட்டின முடிச்சுக்கு இவ்வளவு மரியாதை வந்ததுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். நிறம் பிரிக்காததை முடிச்சுப் பிரிச்சது. ஆறுதலா கண்ணாடிக்கு முன்னால் நிண்டு கட்ட நேரமுள்ளவருக்குக் கோணல் அழகு.

எங்கட கலியாண ஹோல்களில் மாப்பிள்ளைத் தோழனும் சாப்பாடு பரிமாறுற பெடியனும் அநேகமா ஒரே கொழுக்கி போ ரையோடதான் நிற்பினம். ஆனால் தோழன்ர போ சரிஞ்சால் அது ஸ்டைல். பெடியன்ர சரிஞ்சால் சூப்பர்வைசர் வந்து நேராக்கச் சொல்லுவார்.