வீட்டு வாயிலில் விமானத் தளம்

சீவக சிந்தாமணி கற்றோர் மயிற்பொறியை மறவார். சச்சந்தன் தன் தேவிக்கென அதனைச் செய்வித்தான். விசயை அரண்மனையிலேயே அதனை இயக்கப் பயின்றாள். பகை சூழ்ந்த நாளில் மனையிலிருந்தே வானில் எழுந்தாள். ஆனால், அப்பொறி இறங்கிய இடமோ சுடுகாடு. வானூர்தி உடைமை ஒன்று. அது இறங்குவதற்கு உரிய நிலவுடைமை வேறொன்று. இவ்வுண்மையைத் திருத்தக்க தேவரின் காப்பியம் நமக்கு உணர்த்துகிறது எனலாம்.

மனையையும் இறங்குதளத்தையும் ஒருங்கே கொண்ட ஊர்கள் இருபதாம் நூற்றாண்டிலே தோன்றின. ஓடுபாதையின் அருகே வீடுகள். வீட்டை ஒட்டி விமானக் கொட்டகை. விமானம் உருண்டு செல்லத்தக்க அகன்ற தெரு. இவற்றை விமானத்தளக் குடியிருப்புகள் என்று அழைக்கலாம்.

இவை பெருகியதற்குப் போரே காரணம். அமெரிக்காவில் 1939-இல் ஏறத்தாழ 34,000 பேராக இருந்த விமானிகள் 1946-இல் 400,000-க்கும் மேற்பட்டனர். போர் முடிந்தது; விமானிகளும் மிஞ்சினர், தளங்களும் மிஞ்சின. 1946-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகருக்கு வெளியே சியரா ஸ்கை பார்க் அமைக்கப்பட்டது. திட்டமிட்டு அமைத்த இத்தகைய குடியிருப்புகளுள் முதலாவதாகக் கருதப்படுவது இதுவே. புளோரிடாவின் ஸ்புரூஸ் கிரீக் என்னுமிடத்தில் கடற்படை கைவிட்ட பயிற்சித் தளமொன்று பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட குடியிருப்பாயிற்று.

நம் ஜொகூரிலும் போர் விமானத் தளங்களை விட்டுச் சென்றது. ரெங்கத்திலிருந்து இருப்புப் பாதை வழியே வடக்கே சென்றால் குளுவாங். அங்கே ஆங்கிலேயர் அமைத்த தளத்தை 1942 சனவரி இறுதியில் சப்பானியர் கைப்பற்றினர். அதே நாள்களில் ரெங்கத்துக்குத் தெற்கே லாயாங் லாயாங் பக்கம் 22-ஆவது இந்தியப் படையணி துண்டிக்கப்பட்டுச் சிதறியது. பின்னர் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சிறு விமானங்கள் பால்மரக் காடுகளின் மேல் பறந்தன. வழிப்பறிக்கு அஞ்சிச் சம்பளப் பணத்தை வானிலிருந்து தோட்டங்களில் போட்டதும் உண்டு. இன்று குளுவாங் தளம் மலேசியத் தரைப்படையின் வான்பிரிவுக்கு உரியது.

அங்கே விமானத்தளம் குடியிருப்பாயிற்று, இங்கே ஆகவில்லை. ஏன்? செல்வ வேறுபாடு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனினும் ஆழ்ந்த காரணம் நில உரிமை. இங்கே தளம் படைக்குரியது. சுற்றியிருந்த தோட்டங்கள் பெரும்பாலும் கம்பெனிக்குரியவை. லயத்தில் வாழ்ந்த நம்மவர் விமானத்தை அண்ணாந்து பார்த்தனர். காலடி மண்ணோ அவர்களுடையதன்று.

சியரா ஸ்கை பார்க்கின் பிற்கால வரலாறு இதனை விளக்கும். பிரெஸ்னோ நகரம் வளர்ந்து அதனைச் சூழ்ந்துகொண்டது. நகர் சூழ்ந்தால் மனையின் விலை ஏறும். திறந்த வெளியாய்க் கிடக்கும் ஓடுபாதையின் மேல் வீடு விற்போர் கண் விழும். புதிதாய்க் குடிவந்தோர் இரைச்சல் என்று முறையிடுவர். இவ்வாறு மறைந்த சிறு தளங்கள் பல. இதுவோ மறையவில்லை. ஓடுபாதை அங்குள்ள வீட்டுடைமையாளர் சங்கத்தின் பொதுச் சொத்து. தன் வீட்டை ஒருவர் விற்கலாம். பாதையைத் தனியே விற்க அவரால் இயலாது.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. 1950-களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது, தலைமுறையாக வாழ்ந்த லயங்களைவிட்டுத் தொழிலாளர் பலர் வெளியேற நேர்ந்தது. அதற்கு விடையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

ஓடுபாதை வைத்திருப்போர் செல்வர், பால்வெட்டியோர் ஏழையர். எனினும் இரு சாராரையும் காத்த கருவி ஒன்றே: பலர் கூடி வைத்திருக்கும் நிலப்பட்டா. மயிற்பொறி செய்யத் தெரிந்த சச்சந்தனும் அது இறங்குமிடத்தை எண்ணவில்லை. நகரங்கள் தோட்டங்களை நோக்கி நீளும் இந்நாளில், நாம் அதனை எண்ணாதிருத்தல் தகாது.