பலூன் கொட்டகையின் பேரப்பிள்ளை

திருவொற்றியூரில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் டயர், புல்லட், தீப்பெட்டி என்று பழைய ஆட்கள் வரிசையாகச் சொல்வார்கள். விம்கோ நகர் என்று இன்று மெட்ரோ நிற்கிற இடத்துக்குப் பேர் வந்ததே தீப்பெட்டித் தொழிற்சாலையால்தான். பொம்மையை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த டயருக்கே மூத்தது ஒரு விளையாட்டுச் சாமான் என்பது பலருக்கு மறந்துவிட்டது.

1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தவர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. மலையாள மனோரமா குடும்பம். திவான் சி. பி. ராமசாமி ஐயர் காலத்தில் அப்பாவின் வங்கி மூழ்கி, பத்திரிகைக்கும் பூட்டுப் போட்டு, அப்பாவைச் சிறைக்கும் அனுப்பிவிட்டார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து முடித்த பிள்ளைக்குக் கையில் பெரிய முதல் இல்லை. பலூனுக்குப் பெரிய முதல் தேவையும் இல்லை.

மெஷினும் வேண்டாம். பலூன் வடிவத்தில் ஓர் அச்சு இருந்தால் போதும். அதை முதலில் உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். ரப்பர் பால் அதன்மேல் உறைந்து ஒட்டுவதற்காக. பிறகு கந்தகம் கலந்த ரப்பர் பாலில் முக்கி, நிதானமாக மேலே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும், ஊதும்போது மெலிந்த பக்கம் வெடிக்கும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாய்ப்பக்கத்தை உருட்டிவிட்டால் அந்தத் தடித்த விளிம்பு கிடைக்கும். அப்புறம் சூட்டில் வேகவைத்து, பவுடர் தூவி, அச்சிலிருந்து உருவ வேண்டும். ரப்பர் பால் கெடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அந்த நெடியோடுதான் குழந்தைகளின் சந்தோஷம் தயாரானது.

1949 வாக்கில் அதே கொட்டகையில் அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மை, தொழிற்சாலைக் கையுறை, கருத்தடைச் சாதனம் எல்லாம் செய்தார்கள். குழந்தைக்கு வேண்டியதும் குழந்தை வேண்டாம் என்பவருக்கு வேண்டியதும் ஒரே கூரையின் கீழ்! தம்புச் செட்டித் தெரு 334ஆம் எண்ணில் முதல் அலுவலகம் வந்ததும் அப்போதுதான். 1952இல் தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போடும் ரப்பருக்கு மாறினார்கள். 1961இல் ஓஹையோவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயர். 1967இல் அவர்களது எம்.ஆர்.எஃப். டயர் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. பலூன் எப்போதோ கணக்குப் புத்தகத்தைவிட்டுப் போயிருந்தது.

பொம்மை மறுபடி குடும்பத்துக்குள் வந்தது 1987இல். எம்.ஆர்.எஃப்.பும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. தொழிற்சாலை கோவாவில். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்த பையன்களுக்கு அந்தப் பேரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஜி.ஐ.ஜோ: உள்ளங்கைக்குள் அடங்குகிற, மூன்றே முக்கால் அங்குலச் சிப்பாய்.

இன்று வளர்ந்த ஆண்கள் தேடித் தேடிச் சேர்ப்பது அந்தச் சிப்பாயைத்தான். அதற்குக் காரணம் பழைய நினைவு மட்டும் இல்லை, அச்சும்தான். ஓர் உருவத்தை அமெரிக்காவில் விற்று முடித்த பிறகு அதன் எஃகு அச்சு வேறொரு நாட்டுக்குப் போகும். அப்படி இந்தியாவுக்கு வந்த அச்சுகளில் வார்த்தபோது நிறம் அமெரிக்காவில் இருந்த மாதிரி இருக்கவில்லை. உடுப்பு ஒரு வண்ணம், பெல்ட் இன்னொரு வண்ணம், ஒரே சிப்பாயே சில வருஷம் கழித்து வேறு சாயலில். அப்போது யாரும் இதை ஒரு பெருமையாக நினைக்கவில்லை. அதோடு இங்கே மட்டும் பிறந்த உருப்படிகளும் உண்டு. தூர்தர்ஷனில் ‘ஸ்ட்ரீட் ஹாக்’ ஓடியதும், ஜோவின் உடலுறுப்புகளை வைத்தே அந்த மோட்டார் சைக்கிள் வீரனையும் செய்து விற்றார்கள். அமெரிக்காவில் ஜோ வரிசை 1994இல் நின்றது. இங்கே அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. 2000ஐ ஒட்டி அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தியச் சிப்பாயை வரவழைத்து வாங்கத் தொடங்கினார்கள்.

மிஞ்சிய அச்சிலிருந்து ஒரு பொழுதுபோக்கு பிறப்பது புதிதில்லை. உலகத்தில் பொம்மைக் குதிரை சேர்ப்பவர்களின் கதையும் இதே ஜாதி. 1950இல் மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகார நிறுவனம், தன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்க ஒரு குதிரை வேண்டும் என்று சிகாகோவின் பிரையர் பிளாஸ்டிக் பட்டறையிடம் கேட்டது. வேலை முடிந்தது, அச்சு பிரையரிடமே தங்கியது. கடிகாரம் வேண்டாம், குதிரை மட்டும் கிடைக்குமா என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பிரையர் என்றாலே குதிரை என்றாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் கென்டக்கியில் அதற்கென்று ஒரு திருவிழாவே நடக்கிறது. மேசைமேல் குதிரைகளை வரிசையாக நிறுத்தி, இனம், நிறம், சேணம் பொருந்துகிற விதம் என்று நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். நேரில் போக முடியாதவர்கள் குதிரையைப் படமெடுத்துத் தபாலில் அனுப்பிப் போட்டியிட்ட காலமும் இருந்தது. பிளாஸ்டிக் குதிரையின் முழங்கால் சரியாக மடங்கியிருக்கிறதா என்று பெரியவர்கள் வாதாடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஜல்லிக்கட்டுக் காளையின் திமிலைப் பற்றி நம்மவர்கள் வாதாடுவதைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நம்மூரில் நடுவர் மேசை இல்லை, கொலு இருக்கிறது. கீழே மணலும் முளைவிட்ட கடுகும் வைத்துப் போடுகிற பூங்காவில் செட்டியார் பொம்மைக்குப் பின்னால் ஜோ காவலுக்கு நிற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். தாம்பூலம் வாங்க வந்த மாமிகள் அவனைக் கண்டுகொள்வதில்லை. கூட வந்த பையன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். பிரிக்காத அட்டையோடு இருந்தால் ‘கார்டட்’, வெளியே எடுத்ததென்றால் ‘லூஸ்’ என்பது சேர்ப்பவர்கள் பேச்சு. கட்டைவிரல் உடையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கனமான துப்பாக்கியைக் குழந்தைகள் பலமாகச் சொருகும்போது முதலில் போவது அதுதான்.

அதற்கடுத்த வியாதி இடுப்பில். முதுகில் இருக்கிற திருகாணியைக் கழற்றினால் உடல் இரண்டாகப் பிரியும். உள்ளே மார்பையும் இடுப்பையும் கால்களையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருப்பது ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஒரு சின்ன உலோகக் கொக்கியில் மாட்டியபடி. டயர்க்காரர் வீட்டுப் பொம்மையில் அது ரப்பராக இருப்பது தற்செயல்தான். அமெரிக்க வடிவமைப்பே அப்படி. வருஷம் ஆக ஆக வளையம் காய்ந்து, வெடித்து, ஒரு நாள் கால்கள் தனியே கழன்று விழும். பயப்பட வேண்டாம், பொம்மை கெட்டுப்போகவில்லை. ஜார்ஜ் டவுன் ஹார்டுவேர் கடைகளில் ஓ-ரிங் சில்லறைக்கே கிடைக்கும். ரொம்பத் தடிமனாக வாங்கினால் இடுப்பு திரும்பாது, மெல்லிசாக வாங்கினால் சிப்பாய் குடித்தவன் மாதிரி ஆடுவான். பழைய வளையத்தின் துண்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. பம்புக்கா, கம்ப்ரஸருக்கா என்று கடைக்காரர் கேட்பார். எதையாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.