பொய்ப் புகாரின் விலை

சேரியில் ஒருவர் மேல் திருட்டுப் புகார் விழுந்தால் போலீஸ் முதலில் ஆளைத் தூக்கும், பிறகுதான் விசாரிக்கும். அவர் திருடவில்லை என்று தெரிந்த பின், அடைபட்டுக் கிடந்த நாட்களுக்கு யார் பொறுப்பு?

போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தவரிடம் 50 ரூபாய் வரை இழப்பீடு வாங்கித் தரலாம் என்றது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 553ஆம் பிரிவு. அதுவும் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் மட்டும்! கிராமத்துப் பண்ணையாரை அது தொடவே இல்லை. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது குறவர் போன்ற மக்களை ஸ்டேஷனில் கைநாட்டு வைக்கச் சொல்ல யாருடைய புகாரும் தேவைப்படவில்லை, பிறப்பே போதும்.

1973 சட்டத்தின் 358ஆம் பிரிவு இழப்பீட்டை நாடு முழுக்க விரித்து 100 ரூபாய் ஆக்கியது. 2005 திருத்தத்தில் 1000. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 399ஆம் பிரிவிலும் அதே 1000தான்.

நம் கையில் உள்ள வலுவான பிடி 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பிற சாதியினர் நம்மவர் மீது பொய் வழக்குப் போட்டாலோ, பொய்த் தகவல் தந்து போலீஸை ஏவினாலோ 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் அந்த எஃப்.ஐ.ஆரைப் போட வேண்டியதும் நம் ஆளை லாக்கப்பில் வைத்த அதே ஸ்டேஷன்தான். அதனால் நாங்கள் அங்கே காத்திருப்பதில்லை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் நேரே சிறப்பு நீதிமன்றம்.