ரெண்டு ஒயரில் நாலு ஒலி

ஏவி ரிசீவர் ஒன்றைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்க. முன்பக்கம் ஒரு குமிழும் சின்னத் திரையும்தான். பின்பக்கம் முழுக்கத் துளைகள். புதுசா ஹோம் தியேட்டர் வாங்குறவங்க மிரண்டு போற இடம் இதுதான். எனக்கென்னவோ அது ஒரு அகழாய்வுக் குழி மாதிரி தெரியும். ஒவ்வொரு துளையும் ஒரு காலத்து மண் அடுக்கு.

அடியில் கிடக்கும் அடுக்கு ஆர்சிஏ ஜாக். 1930களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் தன் ரேடியோ கிராமபோன்களுக்காகச் செய்த எளிய பிளக். பிற்பாடு சிவப்பு என்றால் வலது, வெள்ளை என்றால் இடது, மஞ்சள் என்றால் படம் என்று ஆச்சு. இந்தச் சிவப்பு வெள்ளை ஜோடி வழியாகத்தான் தியேட்டரின் சுற்றொலி வீட்டுக்குள் வந்தது. ரெண்டே ஒயரில் எப்படி?

தியேட்டரிலேயே அது லேசில் வரவில்லை. 1940ல் டிஸ்னி 'பேன்டேசியா'வுக்காகப் பல தட ஒலியைத் தனிப் பிலிம் சுருளில் பதிந்து ஓட்டினார்கள். செலவு தாங்காமல் சில ஊர்களோடு நின்றுபோனது. 1953ல் 'தி ரோப்' சினிமாஸ்கோப்பில் வந்தபோது பிலிமிலேயே நாலு காந்தத் தடங்கள். ஒலி அருமை, பிரிண்ட் விலைதான் எக்கச்சக்கம்.

1970களில் டால்பி வேறு பக்கமாக யோசித்தது. பிலிம் ஓரத்தில் ஒளித்தடத்துக்கு இருந்த குறுகலான இடத்தில் ரெண்டு தடம்தான் பிடிக்கும். சரி, அந்த ரெண்டுக்குள் நாலை மடித்து வைத்தால்? இந்த மடிப்பு வித்தை குவாட்ரபோனிக் இசைத்தட்டுகளிலிருந்து வந்தது. அந்தத் தட்டுகள், கம்பெனிக்கு ஒரு முறை, ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போகாது என்று அடித்துக்கொண்டே அழிந்தன. வித்தை மட்டும் பிழைத்துக்கொண்டது.

அது இப்படி. நடு ஸ்பீக்கரில் வரவேண்டிய வசனத்தை இடது, வலது ரெண்டிலும் சமமாகக் கலக்குகிறார்கள். பின்பக்க ஒலியையும் ரெண்டிலும் கலக்குகிறார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று எதிர் அலையாக. கேட்கும் இடத்தில் ரெண்டையும் கூட்டினால் பின்னொலி மறைந்து வசனம் ஓங்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வசனம் மறைந்து பின்னொலி மிஞ்சும். நாலாம் வகுப்புக் கணக்கு!

கணக்கு சுத்தமாக வராது, கொஞ்சம் வசனம் பின்னால் கசியத்தான் செய்யும். அதற்கும் ஒரு தந்திரம்: பின் ஸ்பீக்கரைச் சில மில்லிசெகண்ட் தாமதமாகப் பேசவிட்டார்கள். முதலில் வந்த ஒலி எந்தத் திசையோ, அதையே காது நம்பும். கூடவே 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சு ஒலிகளையும் வெட்டிவிட்டார்கள்.

ஸ்பீக்கர் ஒயரில் பிளஸ் மைனஸ் மாறாமல் பார்க்கச் சொல்வதும் இதே கணக்கால்தான். ஒரு முன் ஸ்பீக்கரில் மட்டும் அது மாறினால் எதிர் அலை கிளம்பும். பாஸ் மெலிந்துபோகும், நடுவில் நிற்கவேண்டிய குரல் திசை தெரியாமல் அலையும்.

1977ல் 'ஸ்டார் வார்ஸ்' இந்த முறையை ஊரறியச் செய்தது. சுவாரஸ்யம் அதற்கப்புறம்தான். ஸ்டீரியோ வீடியோ டேப்பும் லேசர் டிஸ்க்கும் வந்தபோது, மடித்து வைத்த நாலு ஒலியும் அப்படியே டேப்புக்குள் வந்துவிட்டன. தியேட்டர் பிரிண்டின் ரெண்டு தடம்தானே டேப்பிலும்! பிரித்துக்கொடுக்கும் பெட்டிதான் பாக்கி. 1982ல் டால்பி சரவுண்ட் வந்தது, 1987ல் நடு ஸ்பீக்கரையும் சேர்த்து புரோ லாஜிக். நம்மூரில் டெக் வாடகைக்கு எடுத்து ஆன்டெனா ஒயரில் சொருகிப் பார்த்தபோது வந்தது ஒற்றை ஒலிதான். நாலும் டெக்கிலேயே தங்கிவிட்டன.

அடுத்த அடுக்கு, சிவப்பு வெளிச்சம் கசியும் ஒளியிழைத் துளை. 1983ல் தோஷிபா சிடி பிளேயருக்காகச் செய்தது. சிடியின் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட் வேணும். டிவிடியின் 5.1 டால்பி டிஜிட்டலைச் சுருக்கியபின் 448 போதும். அதனால் ரெண்டு ஒலிக்காகப் போட்ட பாதையில் ஆறு ஒலி தாராளமாக ஓடியது.

இதுவரை வந்த ஒயர் எதுவும் வீட்டுக்காரனைக் கேள்வி கேட்கவில்லை. 2002 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்ஐ அப்படியில்லை. ஒரே கேபிளில் படமும் ஒலியும் என்பது பெரிய வசதி, மறுக்கமாட்டேன். ஆனால் அதோடு ஹெச்டிசிபி பூட்டும் சேர்ந்து வருகிறது. பிளேயரும் டிவியும் ரகசிய எண்களைப் பரிமாறி, சரியாக இருந்தால்தான் பூட்டுப் போட்ட படம் ஓடும். திருட்டு காப்பியைத் தடுக்க என்றார்கள். காப்பி நின்றபாடில்லை. சிக்கியது அதற்குமுன் காசு கொடுத்து ஹெச்டி டிவி வாங்கினவர்கள்தான். அவற்றில் பலவற்றில் இருந்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒயர் போகும் காம்பொனென்ட் துளை மட்டும்.

அந்த மூன்று ஒயரில் ஹெச்டி படம் நன்றாகவே போகும். புளூ ரே பூட்டு விதிகள்தான் விடவில்லை. 2010க்குப் பின் செய்யும் பிளேயர்கள் அதில் சாதாரணத் தரப் படத்தைத்தான் அனுப்பலாம். 2013 முடிந்தபின் செய்பவை புளூ ரே படத்தை அனலாக் வழியாக அனுப்பவே கூடாது. ரிசீவர்களின் பின்பக்கத்தில் அந்த மூன்று துளைகள் அப்புறமும் கொஞ்ச காலம் இருந்தன. ஆர்சிஏ ஜோடியை மட்டும் யாரும் தொடவில்லை. போன வாரம் என் ரிசீவரில் அந்தச் சிவப்பு வெள்ளையில்தான் ஒரு பழைய கேசட் டெக்கைச் சொருகினேன். எதுவும் கேட்காமல் பாடியது.