ஆங்கில எழுத்தில் பத்தி வகைகள்

ஆங்கில உரைநடையில் ஒரே கருத்தைப் பற்றி நிற்கும் வாக்கியங்களின் தொகுதி பத்தி எனப்படும். இதற்கு விதிகள் வகுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின். பத்தியின் பொருளை முதல் வாக்கியமே உணர்த்த வேண்டும் என்பது 1866இல் வெளிவந்த அவரது நூல் கூறும் விதிகளுள் ஒன்று. ‘டாபிக் சென்டென்ஸ்’ என்று பள்ளிகளில் கற்பிக்கப்படுவது இதுவே. தமிழ்க் கட்டுரையை முன்னுரை, முடிவுரை என்று உட்தலைப்பிட்டு எழுதிப் பழகிய மாணவர் இங்கேதான் தடுமாறுவார். உட்தலைப்பின் வேலையை ஆங்கிலப் பத்தியில் முதல் வாக்கியம் செய்கிறது.

வாக்கியங்களை அடுக்கும் முறையே பத்தியின் வகையைத் தீர்மானிக்கிறது. நிகழ்வை எடுத்துரைக்கும் பத்தி கால வரிசையில் செல்லும்: 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றியது என்றால் நிலநடுக்கம் முன்னும் சுனாமி பின்னும் வரும். வருணனைப் பத்தி கண் செல்லும் வழியைப் பின்பற்றும். அந்தமானின் செல்லுலார் சிறையை வருணிப்பவர் நடுக் கோபுரத்தில் தொடங்கி, அதிலிருந்து ஏழு கிளைகள் பிரிந்ததையும் இன்று மூன்றே எஞ்சியிருப்பதையும் சொல்லலாம். ஒரு கிளையின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி கட்டப்பட்டதற்குக் காரணம், கைதிகள் ஒருவரையொருவர் காணக்கூடாது என்பது. இந்தக் காரணத்தைச் சேர்த்ததுமே வருணனைக்குள் விளக்கம் நுழைந்துவிடுகிறது. கலப்பில்லாத பத்தி பாடநூலுக்கு வெளியே அரிது.

விளக்கப் பத்தி காரண காரியத்தால் நகரும். வாதப் பத்தி ஒரு நிலைப்பாட்டை முன்வைத்துச் சான்று காட்டும். எதிர்த்தரப்புக்கும் அதில் பதில் இருப்பது நல்லது.

அந்தமான் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் நடைமுறையில் இருப்பதால், போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய பத்துபஸ்தி மாணவர்களுக்கும் இவ்வகைகள் தேர்வுப் பாடமே. அண்மை ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்புக்கு வருணனைப் பத்தியும் பத்தாம் வகுப்புக்குப் பகுப்பாய்வுப் பத்தியும் 100 முதல் 120 சொற்களில் கேட்கப்பட்டுள்ளன. பகுப்பாய்வில் வரைபடமோ அட்டவணையோ தரப்படும். எல்லா எண்களையும் வரிசையாக ஒப்பிப்பது பகுப்பாய்வு ஆகாது. மாத மழையளவுப் படம் ஒன்று தரப்பட்டால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து ஏற்றத்தை முதல் வாக்கியத்தில் கூறி, உச்ச மாதத்தையும் வறண்ட மாதத்தையும் ஒப்பிட்டு, படத்திலிருந்து பெறக்கூடிய முடிவோடு நிறுத்த வேண்டும். படத்தில் இல்லாத சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை.